மெதுவாகப் பாடியவர்

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் 'முள்ளு' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகளிலும் பஸ்களிலும் வேகம் காட்டும் மீட்டரைக் கழற்றிப் பழுது பார்ப்பது அவர் வேலை. ஷெட்டின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருடைய மேசை. அறுந்த கேபிள், தேய்ந்த பல்சக்கரம், பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும் முள், எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். நாற்பதில் ஓடும் வண்டி நாற்பது என்று காட்டும்வரை விடமாட்டார். "போதும் விடுங்கண்ணே, நேரமாச்சு" என்று டிரைவர்கள் கெஞ்சினாலும் மசியமாட்டார். அதனால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். போகிற வருகிறவர்களை எல்லாம் குத்துவதால் வந்த பெயர் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

குத்துவதெல்லாம் பாட்டு விஷயத்தில் மட்டும்தான். அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாவம். மற்றபடி மனிதர் தங்கம். சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஆனால் பாட்டு என்று பேச்சு வந்துவிட்டால் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் முன்னறையில் நாலைந்து பேர் கூடுவார்கள். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். உட்கார இடம் போதாமல் சாப்பாட்டு மேசை நாற்காலிகளும் அங்கே போய்விடும். நான் அடுப்படியில் நின்றுகொண்டே டீ குடிப்பேன்.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு நேர் எதிரி தெருமுனை மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரருக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும். போன மாதம் ஒரு ரகம், இந்த மாதம் ஒரு ரகம். கல்யாண வீட்டுக்குப் போனால் ஆடிவிட்டு வருகிற ஆள். என் வீட்டுக்காரருக்கு அது ஆகாது.

"பாடுறவங்கள்ல ரெண்டே ரகம்தான்யா. நின்னு பாடுறவன், ஓடிப்போய்ப் பாடுறவன். ஊரு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் ஓடுறவன் பாட்டுக்காரனா?"

"ஏண்ணே, ஒரே சட்டைய ஆயுசு பூரா போடுவீங்களா?" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"சட்டைய மாத்து, யார் வேணாங்கிறா? தோலையா மாத்துறது?"

ஒரு குழு இருந்தது. முதல் இரண்டு இசைத்தட்டிலும் கிட்டாரும் குரலுமாக மெல்லப் பாடிக்கொண்டிருந்தவர்கள், மூன்றாவதில் மெஷின் டிரம் வைத்து ஆட்டப் பாட்டுக்கு மாறிவிட்டார்கள். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இவர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். முதல் இரண்டு தட்டுகளையும்கூடக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். இப்படி மாறப் போகிறவர்கள் அப்போதே மனசுக்குள் மாறித்தான் இருந்திருப்பார்களாம், அதனால் அந்தப் பழைய பாட்டும் பொய்யாம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆட்டப் பாட்டு என்றாலே அவருக்கு முகம் கோணும். 'டப்பா தட்டுறது' என்பார். அதற்கு எதிர்ப்பக்கம் யாரும் வாங்காத, யாரும் கேட்காத பாட்டுகள். விற்காமல் போனது என்றால் வளைந்து கொடுக்காமல் நின்றிருக்கிறது என்று அர்த்தமாம். "விக்காத பாட்டெல்லாம் நல்ல பாட்டுன்னா, சாயங்காலம் வரைக்கும் விக்காத கத்திரிக்காயும் நல்ல கத்திரிக்காயாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் புரையேறிப் போகும் அளவுக்குச் சிரித்தார். என் வீட்டுக்காரருக்கோ என்னோடு அன்று முழுக்கப் பேச்சு இல்லை.

எல்லாப் பாட்டுக்கும் ராஜா என்று அவர் வைத்திருந்த பாட்டு ஒன்று இருந்தது. மூடிப்போன ஒரு ஓட்டலில் சாமான்களைக் கழித்துக் கட்டியபோது, பழைய இரும்புக் கடை வழியாக வந்து சேர்ந்த இசைத்தட்டு. பெரிய தட்டு. நடுவில் ஒட்டியிருந்த காகிதம் தண்ணீர் பட்டு ஊறிப் பாதி கிழிந்திருந்தது. கம்பெனி முத்திரையும் பாட்டின் முதல் வார்த்தையும் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. மறுபக்கம் அதே பாட்டு, குரல் இல்லாமல் வெறும் வாத்தியம்.

ஆண் குரல். கனமான குரல். இரும்புப் பெட்டியைத் தரையில் இறக்கி வைப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைப்பார் அந்த மனிதர். வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை, வாசலில் நிற்கிறேன் என்பதுதான் பாட்டு. டிரம் ஒரு அடி விழுந்தால் அடுத்த அடி விழுமா விழாதா என்று காத்திருக்க வேண்டும்.

"கேட்டியா? ஊரே ஆட்டம் போட ஓடுன காலத்துல இந்த ஒரு மனுஷன் நின்னு பாடியிருக்கான். என்ன நிதானம்! ஒரு எழுத்து அவசரப்படலையே!"

"தூங்கி எந்திரிச்சு முகம் கழுவாமப் பாடுறாரோ என்னவோ" என்பேன் நான்.

கிண்டல் செய்தாலும் அந்தப் பாட்டு அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் இறந்தபோது மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஓடியாடி எல்லாக் காரியமும் பார்த்தார், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அந்தத் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அப்போதுதான் அழுதார். நான் பக்கத்தில் போகாமல் கதவோரமே நின்றேன். அதனால்தான் அந்தப் பாடகரைத் தேடிக் கண்டுபிடித்தே தீருவது என்று அவர் கிளம்பியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

யார் யாரையோ கேட்டு, கடைசியில் அந்தக் கம்பெனியில் டிரம் வாசித்த ஒருவரைப் பிடித்துவிட்டார். அவர் இப்போது வாத்தியக் கடை ஒன்றில் டிரம்முக்குத் தோல் மாட்டிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் போனை நான் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினார்.

"அடேயப்பா, அந்தப் பாட்டையெல்லாம் யாருங்க கேக்குறா? பாடுனவங்க இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. முதியோர் இல்லத்துல இருக்காங்கன்னு கேள்வி."

அந்த இல்லத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து அங்கேயும் போன் போட்டார். மேனேஜர் ஒரு பெண். "இருக்காங்களே! எங்ககிட்டதான் இருக்காங்க. போன்ல பேச வெக்கப்படுவாங்க. நேர்ல வேணா கூட்டிட்டு வரட்டுங்களா? வெளிய போயி ரொம்ப நாளாச்சு அவங்களுக்கு" என்றார்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு பேசினார். "அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. அந்தக் குரல்ல இருக்கிற நிதானம் வேற யாருக்கும் வராது. அந்தக் குரல்தான் என்னைத் தாங்கிப் பிடிச்சுது. இதை அப்படியே சொல்லுங்க."

மேனேஜர் அப்படியே சொல்லியிருக்கிறார். அதுதான் வினையாகிப் போயிற்று.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வீடு அமர்க்களப்பட்டது. வழக்கமான கூட்டமும் நேரத்தோடு வந்து முன்னறையை நிறைத்துவிட்டது. ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டேன். அவர் தட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சாய்வு நாற்காலியை ரெக்கார்டு பிளேயருக்கு எதிரே போட்டு, "இது அவருக்கு, யாரும் உக்காரக் கூடாது" என்று மருந்துக்கடைக்காரரை முன்கூட்டியே மிரட்டி வைத்தார். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மேனேஜர் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா இறங்கினார். ஒல்லியான உடம்பு. மடிப்புக் கலையாத புடவை, அன்றைக்குத்தான் மை பூசிய தலை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா உள்ளேயே இருக்காரா? நான் வேணா கைத்தாங்கலா..."

"எந்த ஐயா?" என்றார் மேனேஜர். "இவங்கதாங்க பாடுனவங்க."

"நான்தான் தம்பி" என்றார் அந்த அம்மா.

யோசித்துப் பார்த்தால் யாருமே பொய் சொல்லவில்லை. பாடுனவங்க, இருக்காங்க, வெக்கப்படுவாங்க. மரியாதை கொடுத்துப் பேசினால் ஆணா பெண்ணா என்பது நம் பேச்சில் மறைந்துபோகிறது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக்கூட அது உறைக்கவில்லையே!

வாசலில் வைத்து என்ன சொல்வது? "வாங்கம்மா, வாங்க" என்று நான்தான் உள்ளே அழைத்தேன். சாய்வு நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரர் நேரே அடுப்படிக்கு வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"அந்த டிரம்காரன் யாரையோ மாத்திச் சொல்லிட்டான்."

"மெதுவாப் பேசுங்க. காதுல விழப்போகுது."

"பாவம், வெளிய வர ஆசைப்பட்டு நான்தான்னு கிளம்பி வந்திருக்காங்க. டீ பிஸ்கட்டு குடுத்து அனுப்பிடலாம். இல்லைன்னா பாட்டைப் போடுறேன், கேட்டா அவங்களே 'நான் இல்லை'ன்னு சொல்லிடுவாங்க."

பிஸ்கட்டுக்காக வந்தவர் என்று நினைத்துவிட்டாரே என்று எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் நானும் அதைத்தான் நினைத்தேன். ஆண் குரலில் பாடிய பாட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வந்து நின்றால் வேறென்ன நினைப்பது?

டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த அம்மா பேச ஆரம்பித்தார். ஒரே ஒரு பாட்டுதான் பாடினாராம். கம்பெனியில் கூப்பிட்டார்கள், ஒரே நாளில் பாடி முடித்துவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாராம். தட்டு வெளிவந்ததே தெரியாது. கம்பெனியும் மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் கூப்பிடும் வேலை.

"ஓய்வு வாங்குற வரைக்கும் 'அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க வாங்க'ன்னு அதைத்தான் பாடிக்கிட்டிருந்தேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என் பாட்டை நான் கேட்டதே இல்லை தம்பி. எங்க வீட்டுல மெஷினும் கிடையாது, தட்டும் கிடையாது. ஒரு தடவையாவது கேட்டுரணும்னு இருந்தேன். நீங்க நிதானம்னு சொன்னீங்களாம், தாங்கிப் பிடிச்சுதுன்னு சொன்னீங்களாம். எங்க இல்லத்துல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பீத்திக்கிறேன்னு நினைக்காதீங்க."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார்.

அந்தக் கனத்த குரல் வந்தது. அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டார். முகத்தில் ஆசை மெல்லக் குறைந்து குழப்பம் ஏறியது. 'நான் இல்லை' என்று சொல்லவில்லை. "என் குரல் இப்படியா இருந்துச்சு?" என்று மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

நான் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தார். வார்த்தை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பாட்டு ஒரு வரியின் பாதியில் நிற்கும்போதே அவர் உதடு அந்த வரியை முடித்துவிட்டுக் காத்திருந்தது. அடுத்த வரியிலும் அப்படித்தான். குரல் வாசலுக்கு வருவதற்குள் உதடு தெருவுக்குப் போய்விட்டது.

மருந்துக்கடைக்காரரும் பார்த்துவிட்டார். எழுந்து வந்து தட்டின்மேல் குனிந்தார். "அண்ணே, இது ஆட்டக் கூடத்துக்குன்னு அடிச்ச தட்டு மாதிரி இருக்கே. பெரிய தட்டா இருந்தாலும் சின்னத் தட்டோட வேகத்துல ஓடணும். ஆட்டக் கூடம் இருந்த ஓட்டல்ல இருந்துதானே வந்துச்சு?"

"பெரிய தட்டுன்னா மெதுவாத்தான்யா ஓடும். எனக்கே சொல்லித் தர்றியா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் வேகம் மாற்றும் திருகைத் திருப்பிவிட்டார்.

வண்டி பள்ளத்திலிருந்து மேலே ஏறுவது போல அந்தக் குரல் ஏறியது. ஆண் போனார், பெண் வந்தார். இருபது வயதுப் பெண்ணின் குரல், கணீரென்று. டிரம் டப்டப்பென்று குதித்தது, பின்னால் யாரோ கை தட்டினார்கள். அதே வார்த்தைகள்தான். வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை, வாசலில் நிற்கிறேன். ஆனால் துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்குக் கிளம்பிய ஒரு பெண், நேரத்துக்கு வராத தோழியைக் கேலி செய்து பாடுகிறாள். அப்படி ஒரு துள்ளல் பாட்டு.

"இது! இதுதான்!" என்று அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கைப்பையின்மேல் விரலால் தாளம் போட்டார்.

அந்த நேரம் பார்த்து முன்னறையே வெடித்துச் சிரித்தது. எப்படிச் சிரிக்காமல் இருப்பார்கள்? ஊர் வண்டிகளின் வேகத்தை எல்லாம் சரி செய்கிற மனிதர், இத்தனை வருஷமாகத் தப்பான வேகத்தில் ஒரு பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருக்கிறார். டப்பா தட்டுறது என்று யாரைத் திட்டினாரோ அதையே ராஜா பாட்டு என்று கொண்டாடியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கே உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த அம்மாவின் விரல் நின்றுவிட்டது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று? பாட்டைக் கேட்டதும் சிரித்தார்கள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்குச் சட்டென்று உறைத்தது. "ஐயோ, இல்லைம்மா, உங்களை இல்லை, நாங்க அண்ணனை..." என்றவர், அண்ணனை ஏன் என்று சொல்ல வந்தால் உங்களை ஆம்பளை என்று நினைத்தார் என்று சொல்ல வேண்டி வருமே என்று அப்படியே விழுங்கிக்கொண்டார். சீ, என்ன மனிதர்கள் நாங்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

பாட்டு மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மா என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு இதுதானே தம்பி?"

ஒரு பொய். ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை கிறுக்கிய படத்தைப் பார்த்தால்கூட நாம் 'அடடா' என்று சொல்வதில்லையா? அவர் வாயைத் திறந்தார். "ஆமாம்மா" என்றார். ஆனால் அந்த முகம் இருக்கிறதே! கசப்பு மாத்திரையைத் தெரியாமல் கடித்துவிட்டவர் முகம். கிட்டாரை விட்டுவிட்டு மெஷினுக்கு மாறிய குழுவைக் கேட்டபோது எப்படி இருந்ததோ அதே முகம். உதடு ஆமாம் என்கிறது, மூக்கும் புருவமும் இல்லை என்கின்றன. நான் பின்னாலிருந்து அவர் முதுகைக் கிள்ளினேன். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப... சுறுசுறுப்பா இருக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆயிற்று. நிதானம் என்ற சொல்லை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாரே அந்த அம்மா!

தட்டு நின்றது. மேனேஜர் கிளம்பலாமா என்பது போலப் பார்த்தார். அந்த அம்மா கையை உயர்த்தி, இருங்கள் என்றார்.

"முதல்ல போட்டீங்களே தம்பி, மெதுவா. நீங்க எப்பவும் கேக்குறது அப்படித்தானே? அதையே இன்னொரு தடவை போடுங்க. முழுசாக் கேக்குறேன்."

"வேணாங்கம்மா. அது தப்பான வேகம். என் புத்தி கெட்ட வேலை."

"பரவாயில்லை. போடுங்க."

திருகைத் திருப்பி முள்ளை வைத்தார். அந்தக் கனத்த குரல் மறுபடி வந்தது. வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. இந்த முறை அந்த அம்மாவின் உதடு அசையவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் இரண்டு வரிவரை அப்படியே நின்றார். மூன்றாவது வரியில், நான் கும்பிடாத குறையாக வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் கண் தானாக மூடிக்கொண்டது. தலை மெல்ல ஆடியது. பிளேயரின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டார். அண்ணன் போன அன்று இருந்த அதே மாதிரி, கண்ணோரத்தில் தண்ணீர் வந்து நின்றது. பாவி மனிதர், அவரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த அம்மா பிளேயரைப் பார்க்கவே இல்லை. பாட்டு முடியும்வரை என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆசையோடு வந்தாரோ, அதையெல்லாம் யாரோ ஒரு ஆண் எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பது போலப் பார்த்தார். கோபமாவது பட்டிருக்கலாம். படவில்லை.

முள் தட்டின் முடிவுக்கு வந்து உரசியது. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லாத்தான் பாடியிருக்காரு" என்றார். "யாரு தம்பி இவரு?"

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"தெரியலைங்கம்மா" என்றார், தலையைத் தூக்காமலே.